வில் செய்தவனின் பெயர்

வில்லை வளைத்தவர்களின் பெயர்கள் சரித்திரத்திலே நிறைய உண்டு. காவியங்கள் அவர்களுடைய தோளை வியந்தன. கல்வெட்டுகள் அவர்களுடைய வெற்றியைப் பொறித்தன. ஆனால் அந்த வில்லை மரத்திலிருந்து பிளந்து, சுரண்டி, சூட்டில் வளைத்து, முதுகிலே நார் ஒட்டி, மாதக்கணக்கில் நிழலிற் காயவைத்துக் கொடுத்தவனுடைய பெயர் எங்கே இருக்கிறது? வீரனைப் பாடிய புலவனும் அவனைப் பாடவில்லை. வெற்றியைக் கணக்கெடுத்த மன்னனும் அவனைக் கணக்கெடுக்கவில்லை.

பெயர் தெரியாத அந்த மாபெருங் கூட்டத்தில் ஒருவருடைய கைகளை மட்டும் நாம் மிக அருகிலிருந்து பார்க்கக்கூடியதாயிருக்கிறது. அவர் வட அமெரிக்காவின் கலிபோர்ணியா மாகாணத்திலே வாழ்ந்த யாகி என்னும் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். 1911ஆம் ஆண்டு முதல் 1916ஆம் ஆண்டு வரை சான் பிரான்சிஸ்கோ நகரத்து நூதனசாலை ஒன்றிலே தங்கியிருந்து, தமது குடியின் வில்லை எவ்வாறு செய்வது என்பதை ஒரு வைத்தியருக்குக் கற்றுக்கொடுத்தார். உலகம் அவரை ‘இஷி’ என்று அழைக்கிறது. அது அவருடைய பெயரன்று. யாகி வழக்கப்படி ஒருவர் தமது பெயரைத் தாமே அந்நியரிடம் உரைப்பதில்லை. பத்திரிகைக்காரர் பெயர் கேட்டு நச்சரிக்கவே, மானிடவியலறிஞர் அல்பிரெட் குரோபர் ‘இஷி’ என்ற சொல்லைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். யாகி மொழியில் அதற்கு ‘மனிதன்’ என்று பொருள். அவருடைய உண்மைப் பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது.

அவர் செய்த வில்லின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், வில் வளையும்போது அதனுள்ளே என்ன நடைபெறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எய்பவனை நோக்கியிருக்கும் பக்கத்தை வில்லின் வயிறு என்றும், இலக்கை நோக்கியிருக்கும் பக்கத்தை அதன் முதுகு என்றும் கொள்வோம். நாணை இழுத்தவுடன் வயிற்றுப்புறத்து நார்கள் நெருக்குண்டு குறுகுகின்றன. முதுகுப்புறத்து நார்கள் இழுபட்டு நீளுகின்றன. நெருக்குதலை மரம் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். சற்று நசுங்கினாலும் உடனே முறிந்துவிடாது. இழுவிசை அப்படிப்பட்டதன்று. முதுகிலே ஒரு நார் அறுபட்டிருந்தால், ஒரு கணு இருந்தால், மரத்தின் வளர்ச்சி வளையம் ஒன்று உளியால் வெட்டுப்பட்டிருந்தால் போதும். அவ்விடத்தில் ஒரு சிராய் எழும்பும். அடுத்த இழுப்பிலே வில் இரண்டாகிவிடும். தன் நீளத்தில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு நீளுவதற்குள் மரத்தின் எல்லை வந்துவிடுகிறது.

ஆகவே வில் செய்வோருக்கு இரண்டு வழிகளே இருந்தன. வில்லை நெடியதாக்கி, வளைவை நீளமெங்கும் பரப்பி, முதுகின் சுமையைக் குறைத்துக்கொள்வது ஒன்று. மரத்தைவிட நன்றாக இழுபடக்கூடிய வேறொரு பொருளை முதுகின்மேல் ஒட்டிவிடுவது மற்றொன்று.

இங்கிலாந்தின் நெடுவில் முதல் வழியைச் சேர்ந்தது. யூ என்னும் மரத்தின் உள்வைரம் நெருக்குதலைத் தாங்கும். வெளியே வெண்ணிறமாயுள்ள மென்மரம் இழுவையைத் தாங்கும். இயற்கையே முதுகு ஒட்டிக் கொடுத்த மரம் அது. அந்த மரத்துக்காக அந்நாட்டு அரசர்கள் பட்ட பாடு பெரிது. 1472ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அங்கு வரும் வணிகக் கப்பல்கள் தாம் கொண்டுவரும் சரக்குக்குத் தக்கபடி வில் தண்டுகளையும் கொண்டுவரவேண்டுமென்று கட்டளையிட்டது. அரசர்களின் போர் வெறிக்கு ஐரோப்பாவின் மலைச்சாரல்களிலே நின்ற யூ மரங்கள் இரையாயின. பின்னர் துப்பாக்கி வந்தது; வில் போர்க்களத்தை விட்டுக் கனவான்களின் புல்வெளிக்குப் போயிற்று. 1781இல் லண்டனிலே வில்வித்தைச் சங்கமொன்று தோன்றியது. நல்ல யூ கிடைப்பது அரிதாகவே, கனவான்களுக்கு வில் செய்து கொடுத்த தொழிலாளர்கள் வேறு மரங்களை எடுத்து, அவற்றின் முதுகில் ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தின் மெல்லிய பட்டையை ஒட்டத் தொடங்கினர். ஜப்பானியரோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மரத்தோடு மூங்கிலைச் சேர்த்து ஒட்டி நெடுவில் செய்துவந்தனர். மத்திய ஆசியாவின் குதிரை மேய்ப்பர்கள் வயிற்றிலே கொம்பையும் முதுகிலே விலங்கின் தசைநாணையும் ஒட்டினர். ஒரு பிரச்சினைக்குப் பல தேசத்து உழைப்பாளிகள் தத்தம் காட்டிலும் மந்தையிலும் கிடைத்த பொருள்களைக் கொண்டு தனித்தனியே விடை கண்டனர் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

யாகி மக்களின் விடை தசைநாண். அவர்களுடைய நாடு லாசன் எரிமலையின் மேற்குச் சரிவிலே, இரண்டு ஓடைகளுக்கு இடைப்பட்ட செங்குத்தான பள்ளத்தாக்குகளும் முட்புதர்களும் நிறைந்த பூமி. அங்கே ஆளுயர வில்லைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் நுழைய முடியாது; குந்தியிருந்து எய்ய வேண்டும். வில் குட்டையாக இருத்தல் அவசியம். குட்டை வில்லை நன்றாக வளைத்தால் வெறும் மரம் முறியும். எனவே முதுகு ஒட்டுவது அலங்காரமன்று. அந்த நிலமும் அந்த வேட்டையும் விதித்த நிர்ப்பந்தம்.

இஷி தம் வில்லை ‘மானி’ என்றழைத்தார். மலையில் வளரும் ஜூனிப்பர் மரத்தின் கிளையைப் பிளந்து, மென்மரத்தோடு கூடிய வெளிப்பாகத்தை எடுத்துக்கொள்வார். நீளத்தை அளக்க அவருக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டில் நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புறத்து இடுப்பு வரை உள்ள தூரமே அளவு. அதைப் பின்னர் வைத்தியர் அளந்து 42 அங்குலம் என்று எழுதிவைத்தார். எய்பவனுடைய உடம்பே அளவுகோலாக இருந்தபடியால் வில் அவனுக்கு எப்போதும் பொருந்தியே இருந்தது. இரு கைகளின் நடுவிலும் சுமார் 2 அங்குல அகலம், அரை அங்குலத் தடிப்பு, பிடியருகே ஒடுக்கம். மணற்கல்லிலே தேய்த்தும் சுரண்டியும் இந்த வடிவத்தைக் கொண்டுவருவார். நுனிகளைச் சூடேற்றிய கல்லின்மேல் வைத்துப் பின்புறமாக வளைப்பார். பிறகு வேறொரு கட்டையோடு சேர்த்துக் கட்டி இருளும் உலர்ந்த காற்றும் உள்ள இடத்தில் கிடத்திவிடுவார். அவசரமென்றால் சில மாதங்கள், இல்லையென்றால் வருடங்கள்.

மரம் பக்குவமடைந்த பின்னரே முதுகு வேலை தொடங்கும். சாமன் மீனின் தோலைக் காய்ச்சிப் பசை எடுப்பார். வில்லின் முதுகைச் சொரசொரப்பாக்கி அதன்மேல் பசையைப் பூசி உலரவிடுவார். மானின் காலிலிருந்து எடுத்த நீண்ட தசைநாண்களை வாயிலிட்டு மென்று மென்று நார் நாராகப் பிரிப்பார். மெல்லும்போது நார் மிருதுவாகும், ஒட்டுந்தன்மையும் பெறும். அந்த ஈர நார்களை ஒன்றின் நுனிமேல் மற்றொன்றின் நுனி ஏறும்படி, முதுகு முழுவதும் தடிப்பாக அடுக்கிக்கொண்டே போவார். நாண் மாட்டும் நுனிகளில் மரத்தைச் சுற்றிலும் நாரால் மூடுவார். பின்னர் வில்லோ மரத்தின் பட்டையை நீள நாடாவாகக் கிழித்து முழுவதையும் இறுகச் சுற்றிக் கட்டுவார். சில நாட்கள் சென்றதும் கட்டை அவிழ்த்து, ஓரங்களைச் சீர்செய்து, மீண்டும் பசை பூசி, மணற்கல்லால் வழவழப்பாக்குவார். பிடியிலே மான்தோல் வாரைச் சுற்றுவதோடு வேலை முடியும். நாணும் அதே மானின் தசைநாண்தான். அதையும் மென்று, முறுக்கித் திரித்ததுதான்.

இதை வாசிக்கும்போது ‘காட்டு மனிதனின் கைவேலை’ என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் இருக்கிறது. மீன் தோற்பசையும் தசைநாணும் அடிப்படையில் கொலாஜன் என்ற ஒரே வகைப் புரதம். ஆகவே உலர்ந்த பிறகு பசை வேறு, நார் வேறு என்றில்லாமல் ஒரே உடலாகிவிடுகின்றன. நுனிமேல் நுனியாக அடுக்குவதால் எந்த ஓர் இடத்திலும் இணைப்பு முழுவதாக விழுவதில்லை. செங்கல்லை வரிமாற்றிக் கட்டும் கொத்தனுக்கு இது தெரியும். தசைநாண் மரத்தைப் போலப் பன்மடங்கு நீளக்கூடியது. எனவே கிழிய வேண்டிய முதுகு கிழியாமல் நீண்டுகொடுக்கிறது. அதைவிட விசேஷம் இன்னொன்று உண்டு. ஈரநார் உலரும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது வில்லை, நாண் இழுக்கும் திசைக்கு எதிராக, முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைக்கிறது. இன்று மரப்பட்டை ஒட்டி வில் செய்பவர்கள், ஹிக்கரிப் பட்டையையோ மூங்கிற் பட்டையையோ பசை பூசி, எதிர்ப்புறம் வளைந்த அச்சிலே இறுக்கி உலர்த்துகிறார்களல்லவா? அவர்கள் இடுக்கியாலும் அச்சாலும் செய்வதில் ஒரு பங்கை மானின் நார் தானாகவே செய்து முடிக்கிறது. வேலை செய்யாத நேரத்தில் வில்லை நிமிர்த்தி வைக்கலாகாது என்றும் இஷி சொல்வார். நின்ற வில் ஓயாமல் உழைத்துக்கொண்டே இருக்குமாம், வியர்த்துப் பலங்குன்றிவிடுமாம், அதைக் கிடத்தி ஓய்வு கொடுக்க வேண்டுமாம். கருவிக்கும் ஓய்வு வேண்டும் என்று எண்ணிய அந்த மனிதரின் குடியை, ஓய்வறியாத ஒரு பேராசை எவ்வாறு துடைத்தழித்தது என்பதை இனிப் பார்ப்போம்.

1848ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கலிபோர்ணியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. உலகின் நாலாபுறமிருந்தும் பொன்னாசை பிடித்தவர்கள் வந்து குவிந்தனர். ஓடைகள் கலங்கின; சாமன் மீன் வருவது குறைந்தது; மான்கள் சுடப்பட்டன; ஆதிக்குடிகள் விதை பொறுக்கிய வெளிகளில் மாடுகளும் ஆடுகளும் மேய்ந்தன. வில்லுக்கு வேண்டிய மரத்தைத் தவிர மற்றெல்லாம் பறிபோயின. பசித்தவன் ஒரு மாட்டைப் பிடித்தால் அதற்கு ஒரு கிராமம் விலையாயிற்று. 1850ஆம் ஆண்டில் மாகாண அரசு ‘இந்தியரைப் பாதுகாக்கும் சட்டம்’ என்ற பெயரில் ஒரு சட்டத்தை இயற்றியது. பாதுகாப்பு என்ற சொல்லின் அர்த்தத்தை அறிய விரும்புவோர் அச்சட்டத்தைப் படிக்கலாம். ஆதிக்குடிப் பிள்ளைகளையும் பெரியோரையும் வெள்ளையர் தம் பண்ணைகளில் கட்டாய வேலைக்கு வைத்துக்கொள்ள அது வழிசெய்தது. 1851 ஜனவரியில், மாகாணத்தின் முதல் ஆளுநரான பீற்றர் பேர்ணெட், அந்த இனம் அற்றுப்போகும்வரை யுத்தம் தொடரும் என்று சட்டசபைக்கே அறிவித்தார். ஆயுதந்தாங்கிய குழுக்களுக்கு அரசாங்கப் பணம் வழங்கப்பட்டது. 1846இல் ஏறக்குறைய 150,000 ஆக இருந்த கலிபோர்ணிய ஆதிக்குடிகள் 1870 அளவில் சுமார் 30,000 ஆகக் குறைந்தனர் என்று சரித்திராசிரியர்கள் கணிக்கின்றனர். நோயும் பசியும் கொன்றன; துப்பாக்கியும் கொன்றது. அந்த மாகாணத்தின் ஆளுநர் இதற்காகப் பகிரங்க மன்னிப்புக் கேட்டது 2019ஆம் ஆண்டிலேதான்.

சில நூறு பேரையே கொண்ட யாகி மக்களின் கதி இன்னும் கொடியது. 1860களின் நடுப்பகுதியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் அவர்களுடைய முகாம்கள் ஒவ்வொன்றாக விடியற்காலையிலே சுற்றிவளைக்கப்பட்டன. ஒரு குகைக்குள் ஒளிந்திருந்த சுமார் முப்பது பேர், குழந்தைகள் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்களில் ஒருவன், தன் பெரிய துப்பாக்கி குழந்தைகளின் உடலைச் சிதைத்துவிடுகிறதென்று கூறிச் சிறிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டானாம். இரக்கத்தின் பெயரால் துப்பாக்கியை மாற்றியவனுக்குச் சுடுவதை நிறுத்தத் தோன்றவில்லை. அக்காலத்தில் இஷி சிறுபிள்ளை.

எஞ்சிய ஒருசிலர் நாற்பது ஆண்டுகள்வரை ஒளிந்தே வாழ்ந்தனர். கல்லின்மேல் கால்வைத்துத் தடம் விடாமல் நடந்தனர். புகை எழாமல் சிறு நெருப்பு மூட்டினர். துப்பாக்கி வைத்திருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். வில் ஓசையெழுப்பாது. உலகமே வில்லைக் கைவிட்ட காலத்தில் யாகி மக்கள் அதைக் கைவிடாமலிருந்ததற்குப் பழமைப் பற்று காரணமன்று என்பது இதனால் தெளிவாகும்.

1908ஆம் ஆண்டில் மின்சாரக் கொம்பனி ஒன்றின் நில அளவையாளர்கள் அணைக்கட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டு அப்பள்ளத்தாக்கில் இறங்கியபோது, இஷியின் குடும்பத்தினர் நால்வரும் வசித்த மறைவிடத்தை எதிர்பாராமல் கண்டனர். ஒரு முதியவரும் ஒரு பெண்ணும் ஓடி மறைந்தனர். இஷி அவர்களை மறுபடி காணவேயில்லை. நடக்கமுடியாத அவருடைய தாய் போர்வைக்குள் கிடந்தாள். வந்தவர்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அங்கிருந்த விற்களையும் அம்புகளையும் கூடைகளையும் கருவிகளையும் ஞாபகச் சின்னங்களென்று வாரிக்கொண்டு போயினர். அவர்களுக்கு அவை வேடிக்கைப் பொருள்கள். பல மாதங்கள் காய்ந்த மரம், எத்தனையோ மான்களின் நார், ஒரு மாரிகாலத்தின் உணவு என்பவை அவற்றோடு சேர்ந்து போயின. தாய் சில நாட்களில் இறந்தாள். மூன்று ஆண்டுகள் தன்னந்தனியே அலைந்தபின், 1911 ஆகஸ்ட் 29ஆம் திகதி, ஓரோவில் என்ற ஊரின் ஆடுமாடு அறுக்கும் இடமொன்றின் வேலியருகே, பட்டினியால் மெலிந்து, துக்கத்தின் அடையாளமாகத் தலைமயிரைப் பொசுக்கிக்கொண்டு நின்ற அவரை ஆட்கள் கண்டனர். அவரை என்ன செய்வதென்று தெரியாத அதிகாரிகள் சிறையிலே வைத்தனர். குற்றம் இழைக்கப்பட்டவர் சிறையில் இருந்தார்.

கலிபோர்ணியா சர்வகலாசாலையின் அறிஞர்கள் அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துச் சென்று நூதனசாலையிலே குடியமர்த்தினர். மாதம் 25 டொலர் சம்பளத்தில் அங்கே துப்புரவுத் தொழிலாளிக்கு உதவியாளாக வேலை கொடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் கூட்டத்தின்முன் அம்பு முனை செதுக்கியும் நெருப்புக் கடைந்தும் காட்டுவார். பத்திரிகைகள் அவரைக் ‘கடைசிக் காட்டு இந்தியன்’ என்று எழுதின. அவரோ தம் சம்பளத்தைக் கவனமாகச் சேமித்து, எவர் தயவையும் நாடாமல், தம் வேலையை நேர்த்தியாகச் செய்துகொண்டிருந்தார்.

பக்கத்திலிருந்த மருத்துவக் கல்லூரியில் சத்திரசிகிச்சை ஆசிரியராயிருந்த டொக்டர் சாக்ஸ்டன் போப் 1912இல் அவரைச் சந்தித்தார். அன்றுமுதல் வைத்தியர் மாணவரானார். துப்புரவு உதவியாளர் ஆசிரியரானார். போப்பைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் உண்மையாகவே நேசித்தார், கூர்ந்து கவனித்தார், கண்டதை ஒளிக்காமல் எழுதினார். 1918இல் அவர் வெளியிட்ட ‘யாகி வில்வித்தை’ என்ற ஆய்வு இல்லாவிடில், மேலே நாம் விவரித்த தொழில்முறையில் ஒரு வரியும் நமக்கு எட்டியிராது. ஆனால் அந்த அறிவு போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள். 1920இல் போப்பும் அவருடைய தோழர் ஆதர் யங்கும் நூதனசாலைக்கென்று யெலோஸ்டன் காட்டிலே பெருங்கரடிகளை அம்பெய்து கொன்று புகழடைந்தனர். 1961இல் அவ்விருவரின் பெயரால் வேட்டைச் சங்கமொன்று அமைக்கப்பட்டது. பெரிய கொம்புடைய விலங்கை வீழ்த்தியவர்களின் பதிவேடுகளை அது வைத்திருக்கிறது. உணவுக்காக நாற்பது ஆண்டுகள் ஓசையின்றி எய்தவர்களின் கலை, ஓய்வுநேரமுள்ளவர்களின் கொம்புக் கணக்காயிற்று. சங்கத்தின் பெயரில் ஆசிரியரின் பெயர் இல்லை.

இன்னுமொன்று குறிப்பிட வேண்டும். 1990களில் ஸ்டீவன் ஷக்லி என்ற தொல்பொருளறிஞர் இஷி செதுக்கிய அம்பு முனைகளை ஆராய்ந்தார். அவை பழைய யாகி முனைகளைவிட, அயலில் வாழ்ந்த வின்ரு, நொம்லாக்கி மக்களின் முனைகளையே பெரிதும் ஒத்திருந்தன. முன்னர் பகைமை பாராட்டிய குடிகள் என்று சொல்லப்பட்டவை, வேட்டையாடப்பட்ட காலத்திலே ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்றும், இஷி இளமையில் அயற்குடியார் ஒருவரிடம் தொழில் பயின்றிருக்கலாம் என்றும் அவர் கருதினார். ‘கலப்பற்ற கடைசி மனிதனை’ தேடியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கக்கூடும். தொழிலறிவு இரத்தத்தில் ஓடுவதில்லை, கையிலிருந்து கைக்குச் செல்கிறது என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

நகரம் அவருக்குச் சயரோகத்தைக் கொடுத்தது. 1916 மார்ச் 25ஆம் திகதி அவர் இறந்தார். தம் மக்களின் வழக்கப்படி உடலை அறுக்காமல் எரிக்கவேண்டும் என்பதை நண்பர்கள் அறிந்திருந்தனர். நியூயோர்க்கிலிருந்த குரோபர், பிரேதபரிசோதனை கூடாதென்று கடுமையாகக் கடிதம் எழுதினார். கடிதம் வருமுன்னர் உடல் அறுக்கப்பட்டு மூளை எடுக்கப்பட்டுவிட்டது. பின்னர் அந்த மூளையை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுக்க முன்வந்தவரும் அதே குரோபர்தான். 1917இல் அது அங்கே போய்ச் சேர்ந்தது. எஞ்சிய உடலோடு அவர் செய்த வில் ஒன்றையும், ஐந்து அம்புகளையும், ஒரு கூடை ஓக் கொட்டை மாவையும், சிப்பிமணிகளையும், புகையிலையையும் சேர்த்து எரித்தனர். சாம்பல் ஒரு மட்பாண்டத்திலே சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மூளை களஞ்சியத்திலே கிடந்தது. 1990களின் பிற்பகுதியில் கலிபோர்ணிய ஆதிக்குடி மக்கள் அதைத் திருப்பிக் கேட்டுக் கிளர்ச்சி செய்தனர். அது எங்கிருக்கிறதென்று 1999இல் உறுதியாயிற்று. யாகி மக்களின் நெருங்கிய உறவினராகிய யானா வழித்தோன்றல்கள் வாழும் ரெடிங் ரஞ்சேரியாவையும் பிற் றிவர் குடியையும் சேர்ந்தவர்களிடம் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அது ஒப்படைக்கப்பட்டது. சாம்பலையும் கல்லறைத் தோட்டத்திலிருந்து அவர்கள் எடுத்துச் சென்றனர். இரண்டையும் சேர்த்து, அவருடைய சொந்த நாட்டிலே ஓரிடத்தில் அடக்கம் செய்தனர். அந்த இடம் எதுவென்று அவர்கள் வெளியாருக்குச் சொல்லவில்லை.